லிங்க்டுஇன்: பெருமாள்புரம் மாடியறையிலிருந்து ஒரு மதிப்புரை

நட்சத்திரத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லிங்க்டுஇன் என்கிற தொழில் தொடர்புத் தளத்துக்கு ஐந்துக்கு மூன்றரை. வேலை விளம்பரம் பார்த்து விண்ணப்பிக்கிற இடமாக எடுத்துக்கொண்டால் இரண்டுதான் தருவேன். நம் தொழிலில் இருக்கிற ஆட்களைத் தேடிப் பிடித்துப் பழகுகிற இடமாக எடுத்துக்கொண்டால் நாலரை. பதினான்கு மாதம் இதைப் பயன்படுத்தித்தான் எனக்கு வேலை கிடைத்தது. முதல் ஐந்து மாதம் தப்பாகப் பயன்படுத்தினேன். மீதி ஒன்பது மாதம் சரியாக. இரண்டையும் எழுதுகிறேன்.

நான் சாஃப்ட்வேர் டெஸ்டர், மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற வேலை. சோழிங்கநல்லூரில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். 2019 கடைசியில் வேலையை விட்டுவிட்டுப் பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். அப்புறம் கொரோனா. அது அடங்குகிற நேரத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம். ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் இருந்தோம். வலது கை இன்னும் முழுதாக வரவில்லை. வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் வேலை, தினமும் போய் வருகிறார். மறுபடி வேலைக்குப் போவது என்று 2023 ஜூனில் முடிவெடுத்தபோது என்னிடம் இருந்தது பெருமாள்புரம் வீட்டின் மாடியறை, ஒரு பழைய லேப்டாப், மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நாலு மணி நேரம். வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையாக இருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

எங்கள் பக்கம் வேலை தேடுகிறோம் என்றால் முதலில் சொந்தக்காரர்களிடம்தான் சொல்வோம். சித்தப்பா, அத்தை, மைனி, அத்தான் என்று ஒரு கல்யாண வீட்டில் வைத்தே பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். எல்லாரும் அக்கறையாகத்தான் கேட்டார்கள். "ஜோஹோல கேட்டுப் பாக்கலாம்லா?" என்றாள் பெரிய மைனி. 2011-இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அந்த மென்பொருள் நிறுவனம் அலுவலகம் திறந்ததிலிருந்து, இங்கே கம்ப்யூட்டர் வேலை என்றாலே முதலில் அந்தப் பெயர்தான் வரும். எங்கள் பகுதிப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு வாழ்வு கொடுத்த இடம். ஆனால் அப்பாவையும் பிள்ளையையும் விட்டுவிட்டு நான் தினமும் அங்கே போய்வர முடியாது. அடுத்தவர் கங்கைகொண்டானில் அரசு நடத்துகிற எல்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவைச் சொன்னார். அதற்கடுத்தவர் மறுபடி மத்தளம்பாறை. பத்துப் பேர், இரண்டு பெயர். அவர்கள்மேல் குற்றமில்லை. ஒரே தெருவில், ஒரே விசேஷங்களில், ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறவர்களுக்கு ஒரே செய்திதான் தெரிந்திருக்கும்.

அந்த ஜூன் மாதமே, வேலை வாங்கித் தருவதாக ஒரு கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தது. பதிவுக் கட்டணம் 4,500 ரூபாய் என்றார்கள், கட்டினேன். இரண்டு வாரம் கழித்து, "உங்களுக்கு நாலு வருஷம் கேப் இருக்கு மேடம். அதை மூட எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நாங்களே ரெடி பண்ணித் தருவோம், 60,000 ஆகும்" என்றார்கள். போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு வருஷத்தில் நான் பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறேன். அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, சோறு ஊட்டி, மறுபடி நடக்கப் பழக்கியிருக்கிறேன். அதை மூடி மறைக்கப் பொய்க் காகிதத்துக்கு நான் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? 4,500 திரும்பி வரவில்லை. இணையத்தில் பணம் ஏமாந்தால் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உண்மையாக வேலை கொடுக்கிறவர் வேலைக்கு வருகிறவரிடம் பணம் கேட்கமாட்டார்.

அந்த ராத்திரிதான் லிங்க்டுஇன் கணக்கைத் தூசி தட்டினேன். இந்தத் தளத்தில் எனக்குப் பிடித்த முதல் விஷயம் அன்றைக்கே கண்ணில் பட்டது. 2022 மார்ச்சில் 'கேரியர் பிரேக்' என்று ஒரு பகுதி கொண்டுவந்திருக்கிறார்கள். வேலை பார்த்த வருஷங்களைப் பதிவது போலவே, வேலையை விட்டிருந்த வருஷங்களையும் காரணம் சொல்லிப் பதியலாம். நான் இரண்டே வரி எழுதினேன்: "மகளை வளர்த்தேன். பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டேன். இப்போது அவர் கோல் பிடித்து நடக்கிறார்." எழுதிச் சேமித்தபோது மனசு லேசானது உண்மை. இடைவெளி விட்ட பெண்கள் யாராவது இதைப் படித்தால், வேறு எதையும் செய்யாவிட்டாலும் அந்த இரண்டு வரியை எழுதிவிடுங்கள்.

சரி, தப்பாகப் பயன்படுத்திய கதைக்கு வருகிறேன். 'ஈஸி அப்ளை' என்று ஒரு பொத்தான் உண்டு. ரெஸ்யூமை ஒருமுறை ஏற்றிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு வேலைக்கும் சில தட்டுகளில் விண்ணப்பித்துவிடலாம். எனக்குச் சுலபமாக இருப்பது நாட்டில் இருக்கிற எல்லா டெஸ்டருக்கும் சுலபமாகத்தானே இருக்கும்? விளம்பரம் வந்த சில மணி நேரத்திலேயே எத்தனை பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று அங்கேயே காட்டும், நூறைத் தாண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் என் ரெஸ்யூமை ஒரு மனிதக் கண் பார்க்க என்ன காரணம் இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. 212 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். இன்டர்வியூ வரை போனது ஒன்றுகூட இல்லை.

அதோடு ஆட்களுக்கும் எழுதினேன். எனக்குத் தெரியாத 140 பேரை இணைப்பில் சேர்த்து, அவர்கள் ஏற்றுக்கொண்டவுடன் ஒரே செய்தியை ஒட்டி அனுப்பினேன்: "வணக்கம் சார், டெஸ்டிங் ஓப்பனிங் இருந்தால் தெரிவிக்கவும்." பெரும்பாலும் பதிலில்லை. ஒருவர் மட்டும் பொறுமையாக எழுதினார். "அம்மா, உங்களைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாதே. நான் யாரிடம் போய் என்னவென்று சொல்லட்டும்?"

அந்த வரி என்னை நிறுத்திவிட்டது. எங்கள் ஊரில் ஒரு வரன் சொல்வதென்றால்கூட, பெண்ணையோ பையனையோ ஒருமுறையாவது பார்த்துப் பேசியிருந்தால்தான் சொல்வார்கள். நாளைக்கு ஒன்று என்றால் சொன்னவர் முகத்தில்தானே வந்து நிற்கும்? வேலைக்குப் பரிந்துரைப்பதும் அதேதான். ரெஃபரல் போடுகிறவர் தன் பெயரை அடகு வைக்கிறார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக அவர் ஏன் அதைச் செய்ய வேண்டும்? என் வேலையை யாராவது பார்த்திருக்க வேண்டும். நாலு வருஷமாக நான் செய்த வேலை யார் கண்ணிலும் படுகிற மாதிரி இல்லை. அதற்கு முந்தைய ஆறு வருஷ வேலை முழுக்கக் கம்பெனிச் சுவருக்குள்ளேயே இருந்துவிட்டது.

நவம்பரில் அப்பாவின் ஓய்வூதிய வேலையாகக் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. என் போனில் ஒரு திறமூல வரைபடச் செயலி, அதாவது நிரலை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கிற செயலி, வைத்திருந்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று 2004-இல் தொடங்கி, யார் வேண்டுமானாலும் திருத்தும்படி உலகம் முழுக்க ஒரு வரைபடம் போடுகிறார்களே, அந்தத் தரவை எடுத்துக்காட்டும் செயலி. தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு. 'கொக்கிரகுளம்' என்று தட்டினேன். முடிவுகள் இல்லை என்றது. வரைபடத்தை விரலால் நகர்த்திப் போனால், 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்துக்குப் பக்கத்தில் 'கொக்கிரகுளம்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற ஊரைத் தேடினால் இல்லை என்கிறது.

போய்விட்டு வந்தோம். ராத்திரி மகள் தூங்கியபிறகு போனை எடுத்து உட்கார்ந்தேன். டெஸ்டர் கை சும்மா இருக்காது. திருநெல்வேலி என்று தட்டினேன், வந்தது. மேலப்பாளையம், வண்ணாரப்பேட்டை, சேரன்மகாதேவி, எல்லாம் வந்தன. பாளையங்கோட்டை வரவில்லை. கோபாலசமுத்திரம் வரவில்லை. ஒரு காகிதத்தில் வந்ததை ஒரு பக்கமும் வராததை ஒரு பக்கமும் எழுதிக்கொண்டே போனேன். பதினைந்து ஊர் ஆனபிறகு பளிச்சென்று தெரிந்தது. வராத ஊர்களில் எல்லாம் 'ஒ' அல்லது 'ஓ' ஏறிய எழுத்து இருக்கிறது. அதாவது, எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் வாங்குகிற எழுத்து.

வரைபடத்தில் ஊர்ப் பெயரைத் தொட்டு நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். 'கொ' வரைக்கும் விட்டுவிட்டு மற்றதை அழித்தேன். பேக்ஸ்பேஸை ஒரு தட்டுத் தட்டினால் 'கெ' என்று நின்றது. நானே விசைப்பலகையில் அடித்த 'கொ'வில் அதே ஒரு தட்டுத் தட்டினால் 'க' மட்டும் நின்றது. பார்க்க இரண்டும் ஒரே கொ. உள்ளே வேறு வேறு.

ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு எண் கொடுக்கிற யூனிகோடு முறை தமிழில் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல, தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொவில் வருகிற குறியைக் கணினி இரண்டு விதமாக வைத்துக்கொள்ளலாம். 3018 என்ற ஒரே எண்ணாக வைக்கலாம். இல்லையென்றால் கொம்புக்கு 3014, காலுக்கு 3006 என்று இரண்டு எண்ணாகப் பிரித்து வைக்கலாம். இரண்டும் சமம் என்றுதான் விதி. ஆனால் ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டியது நிரல் எழுதுகிறவர் பொறுப்பு. அந்தச் செயலி ஊர்ப் பெயர்களைப் பிரித்துச் சேமித்துவிட்டு, நாம் தட்டுவதைப் பிரிக்காமல் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. அதனால் நம் பாளையங்கோட்டையும் அதன் பாளையங்கோட்டையும் சந்திக்கவே இல்லை.

அந்தச் செயலியின் நிரல், நிரல்களைப் பகிர்ந்து வைக்கிற கிட்ஹப் தளத்தில் திறந்து கிடந்தது. அங்கே பிழை அறிக்கை எழுதினேன். கம்பெனியில் எப்படி எழுதுவேனோ அப்படியே: என்ன போன், எந்தப் பதிப்பு, செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, அப்புறம் முப்பது ஊர்களின் அட்டவணை, இரண்டு ஸ்கிரீன்ஷாட். எழுதி முடிக்க மூன்று ராத்திரி ஆனது. நாலு வருஷத்துக்குப் பிறகு நான் செய்த முதல் டெஸ்டிங் வேலை அது.

அடுத்துச் செய்ததற்குத்தான் இந்தத் தளத்துக்கு நாலரை கொடுக்கிறேன். செயலியைப் பராமரிக்கிறவர்களில் ஒரு பெயர் தமிழ்ப் பெயராக இருந்தது. லிங்க்டுஇன்னில் தேடினேன், கிடைத்தார். ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற ஆள். இணைப்புக் கோரிக்கையோடு சின்னக் குறிப்பு ஒன்று வைக்க இடம் உண்டு. எழுதினேன்: "வணக்கம். உங்கள் வரைபடச் செயலியில் கொக்கிரகுளம் என்று தேடினால் வருவதில்லை. ஒகரம், ஓகாரம் உள்ள ஊர்கள் எல்லாமே அப்படித்தான். கிட்ஹப்பில் விவரம் போட்டிருக்கிறேன். நேரம் இருக்கும்போது பாருங்கள்."

வேலை என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டாம் நாள் பதில் வந்தது. "அக்கா, என் சொந்த ஊர் ஈரோடு. இப்பத்தான் தட்டிப் பார்த்தேன், என் ஊரே இதில் வரமாட்டேங்குது! இங்கிலீஷிலேயே தேடிப் பழகிட்டேன், இத்தனை நாள் கவனிக்கவே இல்லை."

அதற்குமேல் எங்களுக்குள் பேச்சு தானாக ஓடியது. அவர் சரிசெய்து அனுப்புவார், நான் என் முப்பது ஊர்களையும் மறுபடி தேடிப் பார்த்துச் சொல்வேன். 'ஔ'காரத்தில் ஒரு புதுச் சிக்கல் வந்தது. பலர் அந்தக் குறிக்குப் பதிலாக 'ள'வை அடித்துவிடுகிறார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதை எப்படிக் கையாள்வது என்று ஒரு வாரம் பேசினோம். தமிழிலேயே பேசினோம். நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி எங்கள் பகுதித் தெருக்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்க்க ஆரம்பித்தேன். அப்பாவுக்கு வருவாய்த் துறையில் முப்பது வருஷம். எந்தத் தெருவுக்கு எந்தப் பெயர், எந்தக் குளத்துக்கு எந்தப் பெயர் என்று எல்லாம் அவர் நாக்கில் இருக்கிறது. சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். "அது சந்து இல்லம்மா, முடுக்குன்னு போடு" என்பார். வாய் குழறிப் போயிருந்தவர் ஊர்ப் பெயர்களைத் தெளிவாகச் சொல்லத் தொடங்கியது அந்த நாட்களில்தான். இது மதிப்புரைக்குச் சம்பந்தமில்லாத விஷயம்தான். இருந்தாலும் எழுதாமல் விட மனசு வரவில்லை.

2024 பிப்ரவரிக்குள் 23 பிழை அறிக்கை எழுதியிருந்தேன். அப்போதுதான் ஈரோட்டுத் தம்பி முதல்முறையாகக் கேட்டார். "அக்கா, நீங்க எங்க வேலை பாக்கறீங்க?" எங்கேயும் இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவர் கம்பெனியில் இடம் இல்லை. ஆனால் தன் பக்கத்தில் அந்தக் கொக்கிரகுளம் பிழையைப் பற்றி ஒரு பதிவு எழுதினார். எப்படிக் கண்டுபிடித்தேன், பேக்ஸ்பேஸ் சோதனை, ஊர்களின் அட்டவணை எல்லாவற்றையும் சொல்லி, என் பெயரையும் சேர்த்து.

அதைப் பார்த்தவர்களில் ஒருவர் அவரோடு முன்பு ஒரு கம்பெனியில் சேர்ந்து வேலை பார்த்த பெண்மணி. இப்போது பெங்களூரில், மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் டெஸ்டிங் மேலாளர். இருவருக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தையே கிடையாதாம். அவர்கள் மென்பொருளைத் தமிழிலும் கன்னடத்திலும் கொண்டுவரப் போகிறார்கள், ஆள் வேண்டும், விளம்பரம் இன்னும் போடவில்லை. ஏப்ரலில் எனக்கு எழுதினார். ஜூலையில் இன்டர்வியூ. ஆகஸ்டில் சேர்ந்தேன், இதே மாடியறையிலிருந்து. 2019-இல் வாங்கியதைவிடச் சம்பளம் கொஞ்சம் கூடத்தான்.

இன்டர்வியூவில் ரெஸ்யூமைப் பற்றிக் கேட்டது பத்து நிமிஷம்கூட இருக்காது. அந்த மேலாளர் என் பிழை அறிக்கைகளைத் திரையில் திறந்து வைத்திருந்தார். "இந்தப் பதினொன்றாவது அறிக்கையில், பிரச்சினை போனில் இல்லை, செயலியில்தான் என்று உறுதியாகச் சொல்கிறீர்களே, எப்படி?" என்று கேட்டார். வீட்டில் இருந்த மூன்று போன்களிலும் செய்து பார்த்தேன் என்றேன். அப்பாவுடைய போன், வீட்டுக்காரருடையது, என்னுடையது. சிரித்தார். இடைவெளியைப் பற்றி ஒரு கேள்விதான். "அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?"

வேலை கிடைத்தபிறகுதான் இதற்குப் பின்னால் ஒரு பழைய ஆராய்ச்சி இருப்பது தெரிந்து தேடிப் படித்தேன். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதியது. பாஸ்டன் பக்கம் வேலை மாறியவர்களிடம், யார் மூலமாக வேலை கிடைத்ததோ அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். வாரம் இரண்டுமுறையாவது பார்க்கிற நெருக்கமானவர்கள் மூலம் கிடைத்தது 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்க்கிறவர்கள் மூலம் 55.6. வருஷத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்க்கிறவர்கள் மூலம் 27.8. காரணம் நான் கல்யாண வீட்டில் கண்டதுதான்: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், தூரத்து ஆளுக்குத்தான் நமக்குத் தெரியாத வாசல் தெரியும். 2022-இல் லிங்க்டுஇன்னிலேயே 2 கோடிப் பேரின் ஐந்து வருஷத் தரவை வைத்து இதைச் சோதித்து, சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். முடிவு கிட்டத்தட்ட அதேதான், ஒரு திருத்தத்தோடு: முழுக்க அந்நியமானவரைவிட, ஓரளவு பழக்கமுள்ள தூரத்து ஆள்தான் அதிகம் உதவுகிறார். கணினி சார்ந்த தொழில்களில் இது இன்னும் அழுத்தமாகத் தெரிகிறது. மற்றத் தொழில்களில் நெருங்கியவர்கள்தான் கைகொடுக்கிறார்கள். நான் கண்மூடித்தனமாகச் சேர்த்த 140 பேர் ஏன் உதவவில்லை, ஈரோட்டுத் தம்பி ஏன் உதவினார் என்பதை நான் இதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். அவரை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. ஆனால் மூன்று மாதம் ஒரு வேலையைச் சேர்ந்து செய்திருக்கிறோம்.

இனி தளத்தைப் பற்றிக் கொஞ்சம். கட்டணச் சந்தா எனக்குத் தேவைப்படவில்லை. தெரியாத ஆட்களுக்கு நேரடியாக எழுதுகிற வசதி அதில் உண்டு, ஆனால் சொல்வதற்கு விஷயம் இருந்தால் இலவசக் குறிப்பே போதும். விஷயம் இல்லாவிட்டால் காசு கொடுத்து எழுதினாலும் படிக்கமாட்டார்கள். எனக்கு ரொம்பப் பயன்பட்ட இன்னொன்று கல்லூரிப் பக்கத்தில் இருக்கிற பழைய மாணவர் பட்டியல். நான் படித்தது இங்கே அரசு பொறியியல் கல்லூரியில். அந்தப் பக்கத்தைத் திறந்தால் யார் எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். எனக்கு நாலு வருஷம் சீனியரான ஒரு அக்காவை அப்படித்தான் பிடித்தேன். தானியங்கிச் சோதனையில் இப்போது என்ன படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்காக ஒதுக்கினார்.

முகப்பில் ஓடுகிற பதிவுகளில் பாதி வாழ்த்தும் பெருமையும்தான். வேலை இல்லாத நேரத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனசு சோர்ந்துவிடும். நான் ஒரு நாளைக்கு அரைமணி நேரம் என்று வைத்துக்கொண்டேன், அதுவும் தேடுவதற்கும் பதில் எழுதுவதற்கும் மட்டும். பெண்கள் கவனத்துக்கு இன்னொன்று: தொழில் பேச வருகிற மாதிரி வந்து, மூன்றாவது செய்தியில் காபி குடிக்கலாமா என்று கேட்கிற ஆட்கள் இருப்பார்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை, தடை செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

பெரிய குறை நேரம். நான் சொன்ன வழி மெதுவான வழி. வீட்டுக்காரர் சம்பளம் வந்துகொண்டிருந்ததால்தான் என்னால் ஒன்பது மாதம் சம்பளமில்லாமல் ஊர்ப் பெயர்களைத் தேடிக்கொண்டிருக்க முடிந்தது. அடுத்த மாத வாடகைக்கு வழி பார்க்கிறவரிடம் போய் நான் இதைச் சொல்லமாட்டேன். அவர் விண்ணப்பமும் போட வேண்டும், சொந்தக்காரர்களிடமும் கேட்க வேண்டும், கிடைத்த வேலையில் சேர்ந்துவிட்டுப் பக்கத்திலேயே இதையும் செய்யலாம். அதேபோல, இடைவெளி இல்லாமல் வேலையில் இருக்கிறவர்களுக்கு நௌக்ரி போன்ற வேலைவாய்ப்புத் தளங்கள் வேகமாக வேலை செய்கின்றன. என் நாத்தனார் மகனுக்கு அதில்தான் இரண்டு முறை வேலை மாறியது.

பொறியியல் படிக்கிற பிள்ளைகள் கடைசி வருஷம் வரை காத்திருக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு வாடகைக் கவலை இல்லாத காலம் இது. திறமூல மென்பொருள் ஆர்வலர்களின் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் கூடுகிறது, பேச்சு தமிழில்தான். போய் உட்கார்ந்து கேளுங்கள். இங்கிலீஷ் சரளமாக வராது என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் வாயைத் திறக்காமலே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் அப்படி இருந்தவள்தான். ஒரு செயலியின் தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு தப்பான சொல்லைத் திருத்தினாலும் அது உங்கள் பெயரில் நிற்கும்.

இப்போது எனக்கும் செய்திகள் வருகின்றன. "அக்கா, ஓப்பனிங் இருந்தா சொல்லுங்க" என்பதுதான் நிறைய. கோபப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன், எனக்கு ஒருவர் எழுதியது போல. போன மாதம் கல்லிடைக்குறிச்சிப் பெண் ஒருத்தி கேட்டாள், மூன்றாம் வருஷம் படிக்கிறாள். நீ தினமும் பயன்படுத்துகிற ஏதாவது ஒரு செயலியில் உனக்கு எரிச்சல் தருகிற ஒன்றை எடுத்து, படிப்படியாக எழுதி அனுப்பு என்றேன். நேற்று வந்தது. பஸ் நேரம் காட்டுகிற ஒரு செயலியாம். 'அம்பாசமுத்திரம்' என்று தேடினால் பதினேழு பஸ் காட்டுகிறது, 'அம்பை' என்று தேடினால் ஒன்றுமே இல்லை. கல்லிடைக்குறிச்சியில் யார் அம்பாசமுத்திரம் என்று சொல்கிறார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாள். எந்தப் பதிப்பு என்பதை விட்டுவிட்டாள், அதைக் கேட்டு எழுத வேண்டும். மகள் தூங்கட்டும், அப்பா போனிலும் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.